கரடும் கேமராவும்

போடிநாயக்கனூரிலிருந்து சிலமலை, இராசிங்காபுரம் வழியாகத் தேவாரம் போகும் சாலையில் மேற்கே ஏலமலைத் தொடர் நீளச் சுவராக நிற்கிறது. அந்தச் சுவரின் மறுபுறம் இடுக்கி, கொட்டும் மழை. இந்தப் பக்கம் மழை மறைவு. ஏலக்காய் மேலே விளைகிறது, கீழே போடியில் விலை போகிறது. இடைப்பட்ட அடிவாரமோ கள்ளியும் உடைமரமும் மண்டிய கரடுகளும் மொட்டைப் பாறைகளுமாக, பாலைக்கு அடுத்த நிலம் என்று சொல்லத்தக்க வறட்சியோடு கிடக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு விடிவதற்கு முன்பே கேமராவோடு கிளம்புவது இப்போது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அதை டிஜிட்டல் கேமராவும் கைப்பேசியும் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பாறையைப் படமெடுப்பதற்கு 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் அழகுணர்ச்சிக்கு இருந்த இடத்தைவிடச் சான்று சேர்க்கும் வேலைக்கு இருந்த இடம் பெரிது. அந்த வேலை இன்னும் முடியவில்லை என்பதும், போடி அடிவாரத்தைப் பொறுத்தவரை அது சரிவரத் தொடங்கவே இல்லை என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காலையில் போவதன் காரணமே அதில்தான் இருக்கிறது. தரையோடு படிந்த பாறையில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஓர் எழுத்து வெட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை ஏறிய பிறகு அந்த வெட்டின் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான நிழலைத்தான் தரும். கண் அதைக் கவனிக்காது. 10 பாகை உயரத்தில் அதே விளிம்பு 11 மில்லிமீட்டர் நிழல் வீசக்கூடியது, அதாவது வெட்டு முழுதும் இருட்டால் நிரம்பிவிடும். தேய்ந்து போனதாக நினைத்த எழுத்து, மையால் எழுதியதுபோல் எழுந்து வரும். நம் பகுதியில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகவே ஏறுகிறது. உதித்துச் சுமார் 40 நிமிடத்தில் 10 பாகையைத் தாண்டிவிடும். வட நாடுகளில் அது நெடுநேரம் தாழ்வாகவே நகரும், அங்கே எழுதப்பட்ட கையேடுகளை நம்பி இங்கே சாவகாசமாகக் கிளம்பினால் காரியம் கெட்டுவிடும். செங்குத்தான பாறைச் சுவருக்குக் கணக்கு வேறு. கிழக்கு பார்த்த சுவரில் காலை வெயில் நேருக்கு நேர் அறைவதால் எல்லாமே தட்டையாகத் தெரியும், அந்தச் சுவர் உயிர் பெறுவது வெயில் மேலிருந்து வழுக்கி இறங்கும் உச்சிக்குச் சற்று முன்புதான். தெற்கு பார்த்த சுவருக்குத் தை, மாசிக் காலைகள் நல்லவை. வடக்கு பார்த்த சுவருக்கு வைகாசி, ஆனி. காலை என்றாலே நல்ல படம் என்ற பொதுப் பேச்சு பாதிதான் உண்மை. எந்தச் சுவர், எந்த மாதம், எந்த மணி என்று கேட்கத் தெரிந்தவருக்கே பாறை பதில் சொல்லும்.

பாறையைப் படமெடுக்கும் தொழிலின் நம் பக்கத்து முதல் பெரிய பெயர் லினேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்தார், 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று அவர் சுற்றிய சுற்றின் பலன் 1858இல் தொகுப்புகளாக வந்தது. கோயில்கள், நாயக்கர் மகால் இவற்றோடு பாறைகளும் அவற்றில் உண்டு. மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையை ஒட்டிப் படுத்திருக்கும் யானைமலையை அவர் அதன் முனைப் பக்கத்திலிருந்து எடுத்த படம் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகிறது. மரங்களுக்கு மேலே எழும்பும் அந்தக் கல்லின் திரட்சியைப் பார்ப்பவர் யாரும், எடுத்தவர் கோயிலுக்குக் கொடுத்த அதே மரியாதையைப் பாறைக்கும் கொடுத்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

டிரைப்பின் கையில் இருந்தது மெழுகு பூசிய தாள் நெகடிவ். படம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும், காற்றில் இலை அசைந்தால் அங்கே வெறும் கலங்கல்தான். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும், சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. அதனால் வானம் வெறும் வெள்ளையாக வெளிறிப் போகும், நெகடிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை டிரைப் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று விடியலில் போகிறவர்கள் தேடும் பொன்னிற வெளிச்சத்தை அவருடைய தாள் பதிவு செய்திருக்கவே முடியாது. அப்படியானால் தாழ்ந்த வெயிலில் அவரைப் போன்றவர்களுக்குப் பயன்பட்டது என்ன? நிழல் ஒன்றுதான். கல்லின் மடிப்பையும் வெட்டையும் புடைப்பையும் பிரித்துக் காட்டும் நிழல். பொன்னொளி மோகம் வண்ணப் படச்சுருள் வந்த பிறகு ஏற்பட்டது. அதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் புகைப்படத்தின் பிறவிக் குணமாக நினைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

டிரைப் எதற்காகப் படமெடுத்தார் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி தஞ்சையில் இருக்கிறது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக ஆக்கினார். அதில் காட்சி இல்லை, அலங்காரம் இல்லை. எழுத்து மட்டுமே. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி ஹுல்ஷ் பதிப்பித்து 1890இல்தான் வெளிவந்தது. அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேமராவை வாசிக்கும் கருவியாக நினைத்துவிட்டார். இதை அரசு உணரவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்ல்ஸ் டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். டிரைப் அதன் பிறகு புகைப்படத் தொழிலில் பெரிதாக ஈடுபடவில்லை. ஆண்ட அரசுக்காக, ஆளப்பட்ட நாட்டை அளந்து பதியும் நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படங்கள்தானே இவை என்று கேட்கலாம். ஆம், அப்படித்தான். ஆனாலும் 1858இல் யானைமலையின் முனை எப்படி இருந்தது என்பதற்கு இன்று நம் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் படம். எடுத்தவரின் நோக்கம் அவரோடு முடிந்தது, சான்று நம்மிடம் வந்து சேர்ந்தது.

உண்மையான பாலை நிலத்திலும் கதை இதே தடத்தில்தான் போகிறது. 1873இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அரசின் நில அளவைக் குழுவோடு சென்ற திமோதி ஓசல்லிவன் எல் மாரோ என்ற மணற்பாறைக் குன்றை அடைந்தார். ஸ்பானியர் அதில் தங்கள் பெயர்களையும் பயணங்களையும் செதுக்கி வைத்திருந்தார்கள், அவர்களுக்கு முன்பே பூர்வகுடிகள் உருவங்கள் பொறித்திருந்தார்கள். ஓசல்லிவன் ஒரு கல்வெட்டுக்குக் கீழே அளவுகோலை வைத்துப் படமெடுத்தார். எவ்வளவு எளிய செயல்! அந்த ஓர் அளவுகோல், படத்தை ஆவணமாக மாற்றிவிட்டது. 1906இல் எல் மாரோ தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. படத்துக்கும் அறிவிப்புக்கும் இடையே 33 ஆண்டுகள் ஓடியதை மறந்துவிடக் கூடாது. படம் எடுத்த மறுநாளே பாறை பிழைத்துவிடுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கல்வெட்டறிஞர்கள் இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பை வைப்பார்கள். கல்வெட்டுக்குச் சான்று மைப்படிதான். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களில் பதியவைத்து, மையொற்றி எடுக்கும் படி. நேரடியாகக் கல்லைத் தொட்டு எடுக்கப்படுவதால் வெயிலின் மாயங்கள் அதில் இல்லை. நிழல் சில சமயம் பாறையின் இயற்கை வெடிப்பையே எழுத்தாகக் காட்டி ஏமாற்றும், மைப்படியில் அந்த ஆபத்து குறைவு. இது சரி. ஆனால் மைப்படி எழுத்தைத் தருகிறதே தவிர இடத்தைத் தருவதில்லை. எழுத்து பாறையின் எந்த மடிப்பில், எந்தச் சுனைக்கு மேலே, எந்தச் சமணப் படுக்கையின் தலைமாட்டில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. மதுரை மாவட்டத்து மாங்குளம் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882இலேயே கண்டு குறித்தார். அவை தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டியது 1924இல். எழுத்து கண்ணில் பட்டதற்கும் மொழி புரிந்ததற்கும் நடுவே 42 ஆண்டுகள். இந்த இடைவெளியில் குன்றே உடைந்து சல்லியாகியிருந்தால் சுப்பிரமணிய அய்யரின் கைக்கு எட்டியிருக்கக்கூடியது ஏட்டில் ஏறிய பகுதி மட்டும்தான். படிக்கத் தெரிந்தவர் வரும்வரை பாறை காத்திருக்க வேண்டும். அதுவரை அது எப்படி இருந்தது என்று ஒரு படமாவது காத்திருக்க வேண்டும்.

போடி பக்கத்துக்கு வருவோம். உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் புடைப்பாக வெட்டப்பட்டிருக்கின்றன, கீழே வட்டெழுத்து. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் அங்கே வருகிறது. அதே பெயர் யானைமலையிலும் அழகர்மலையிலும் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் பழனிக்கு அருகே ஐவர்மலையிலும் வருகிறது. ஒரு துறவியின் பெயரைப் பற்றிக்கொண்டே பாண்டிய நாட்டின் பாறைகளை இணைத்து ஒரு வரைபடம் போட்டுவிடலாம். அந்த ஐவர்மலையில்தான் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, என்று காலம் குறித்த கல்வெட்டு இருக்கிறது. இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டோடு அது சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதால், பாண்டியர் காலக்கணக்குக்கே அது ஊன்றுகோல் ஆயிற்று. கரட்டுப் பாறை ஒன்றின் ஒரு வரி போனால் ஓர் அரசனின் காலமே அந்தரத்தில் தொங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இன்னும் பழைய கதை ஆண்டிப்பட்டிப் பக்கம் இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையிலான குழு, வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தது. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த ஒருவனுக்கு எடுத்த கல் அவற்றுள் ஒன்று. தொல்காப்பியமும் சங்கப் பாடல்களும் பேசும் வெட்சிப் போரும் நடுகல் வழக்கமும் மண்ணுக்குள்ளிருந்தே எழுந்து வந்து நின்றன. கண்டெடுக்கும்வரை அவற்றுக்கு ஊரில் யாரும் பெரிய மதிப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள், கல் என்றால் கல்தான். தேனி மாவட்டத்தின் ஒவ்வொரு கரடும் இப்படி ஒன்றை வைத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கரடு வைத்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே அதை உடைத்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். 1858இன் டிரைப் தொகுப்புகளின் தலைப்புகளில் மதுரை இருக்கிறது, புதுக்கோட்டை இருக்கிறது, அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டைகூட இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு இல்லை. ஏலமும் காப்பியும் தேடி மலை ஏறியவர்கள் அடிவாரத்துக் கல்லைத் திரும்பிப் பார்க்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

பார்ப்பது எப்படி என்பதற்கு மதுரையில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2010இல் யானைமலையைச் சிற்பக் கலை நகரமாக்கும் திட்டம் வந்தபோது ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கி.பி. 770ஐச் சேர்ந்த குடைவரைக் கல்வெட்டும் சமணச் சிற்பங்களும் கொண்ட மலை அது. அந்தச் சூட்டோடு எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கியதே பசுமை நடை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏதேனும் ஒரு குன்றின் அடியில் மக்கள் கூடுவார்கள், தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறையின் முன் நின்று விளக்குவார்கள், உள்ளூர்க்காரர்களும் கூட இருப்பார்கள். கேமரா அங்கே பலர் கையில் உண்டு. பல ஆண்டுகளாக இப்படிச் சேர்ந்த படங்கள் ஒரு தலைமுறைக்கு மதுரைக் குன்றுகளை முகம் தெரிந்தவையாக ஆக்கின. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டதும், அதே பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் வெளியானபோது ஊரே திரண்டதும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் படங்களால் மட்டுமே நடந்தவை அல்ல. உழவர்கள் நடந்தார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆனால் அரிட்டாபட்டி என்றதும் சென்னையில் இருப்பவருக்கும் ஒரு குன்றின் உருவம் மனதில் எழுந்தது. அதற்கு முந்தைய 14 ஆண்டு வேலை இல்லாமல் அது எழுந்திருக்குமா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. படம் கூட்டத்தைக் கூட்டும். கூட்டம் வந்தால் பாட்டிலும் பிளாஸ்டிக்கும் வரும், சமணப் படுக்கைகளின் மேல் பெயிண்டில் பெயர் எழுதுவார்கள். எழுத்து படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுப்பவர்களும், மங்கிய பாறை ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. இது கற்பனைப் பயம் இல்லை, நடந்திருக்கும் சேதம். காவலற்ற ஓவியக் குகைகளின் சரியான இடத்தை ஊரறியப் பரப்பக் கூடாது என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் தெரியாத குன்று பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையை மேலூர் வட்டாரம் பொய்யாக்கிவிட்டது. 2012இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அனுப்பிய அறிக்கையும், உயர் நீதிமன்றம் 2014இல் அவரையே சட்ட ஆணையராக நியமித்து நடந்த விசாரணையும் வெளிக்கொண்டுவந்தது, யாரும் கவனிக்காத குன்றுகளைக் கிரானைட்டுக்காக எப்படி அறுத்தார்கள் என்பதைத்தான். பெயிண்டைத் துடைக்க வழி தேடலாம். வெடி வைத்த பாறையைத் திரும்பக் கூட்ட முடியாது. சுண்ணாம்புக் கட்டியும் தண்ணீரும் தேவைப்படுவது அவசரக்காரர்களுக்கு, உரிய மாதத்தில் உரிய மணிக்குப் போகிறவருக்கு அந்த வேலையைச் சாய்ந்த வெயிலே இலவசமாகச் செய்து கொடுக்கிறது.

போடி அடிவாரத்துக்கு இந்த வாதம் ஏன் அவசரம்? பொட்டிபுரத்துக்கு மேலே நிற்கும் அம்பரப்பர் மலையைப் பாருங்கள். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அந்த மலை தேர்ந்தெடுக்கப்பட்டதே அதன் கல்லுக்காக. காஸ்மிக் கதிர்களைத் தடுக்க எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கனத்துக்கு வெடிப்பற்ற சார்னோக்கைட் பாறை வேண்டும், அது இங்கே இருக்கிறது. (கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை உற்றுப் பார்த்த புவியியலாளர் ஹாலந்து, 1893இல் அந்தப் பெயரை இந்தக் கல்வகைக்குச் சூட்டினார். அந்தக் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது.) 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல், 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் நிறுத்தம், 2018இல் சிறப்பு அனுமதி, 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசின் எதிர்ப்பு என்று வழக்கு நீண்டது. ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே என் பொருள் அல்ல, இரு பக்கமும் கற்றவர்கள் வாதாடியிருக்கிறார்கள். நான் கவனிப்பது வேறு. விஞ்ஞானிகளுக்கு அது பாறையின் கனம், ஊருக்கு அது சாமி குடியிருக்கும் மலை, செய்தித்தாள் வாசகருக்கு ஒரு பெயர். மூவரும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கக்கூடிய, தேதியும் திசையும் அளவும் குறித்த படத்தொகுப்பு ஒன்று இப்படிப்பட்ட ஒவ்வொரு மலைக்கும் வழக்கு வருவதற்கு முன்பே இருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மறுபடி ரயில் வருகிறது, வெளியூர்க்காரர்களும் வரலாம். முந்தின நாளே சுவரின் திசையைத் திசைகாட்டியால் பார்த்து வைத்துக்கொண்டு, வெயில் படும் நேரம் கணக்கிட்டு, பாறையில் ஓர் அளவுகோலைச் சார்த்தி, முதலில் தூரத்திலிருந்து முழுக் கரட்டையும், பிறகு சுனையையும் குகையையும், கடைசியில் வெட்டையும் எடுத்தால் போதும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நின்று அதே மாதம் எடுத்தால் இன்னும் நல்லது. இதோடு செய்ய வேண்டிய இன்னொரு காரியத்தைப் புகைப்படக்காரர்கள் பொதுவாகச் செய்வதில்லை. ஆடு மேய்ப்பவரைக் கேட்டுக் கரட்டின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும், கிராம நிர்வாக அலுவலகத்தில் அதன் புல எண்ணைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். வருவாய்க் கணக்கில் இப்படிப்பட்ட இடங்கள் கல்லாங்குத்து, தரிசு, புறம்போக்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கும். குவாரிக் குத்தகைக்கான அரசிதழ் அறிவிப்பில் ஊர் சொல்லும் பெயர் வராது, புல எண்தான் வரும். அந்த எண் எந்தக் கரட்டுக்கு உரியது, அந்தக் கரட்டில் என்ன இருக்கிறது என்று அறிவிப்பு வெளியான அன்றே தெரிந்தவர்களால்தான் கெடு முடிவதற்குள் ஆட்சேபணை எழுத முடியும்.